6174 – எங்கே தொடங்கினாலும் வந்து சேரும் எண்

இந்தப் பாடத்துக்கு மூன்று பொருள் வேண்டும். ஒரு தாள். ஒரு பென்சில். அழிக்க ஒரு ரப்பர். கூட்டலும் கழித்தலும் உங்களுக்குத் தெரியும். அது போதும்.

6174 என்று தாளின் மேல் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறாயிரத்து நூற்று எழுபத்து நான்கு. பார்த்தால் சாதாரண எண்தான். ரேஷன் கார்டிலும் இருக்கலாம். ஆட்டோ ரிக்‌ஷாவின் நம்பராகவும் இருக்கலாம். ஆனால் உலகம் முழுவதும் கணக்குப் படித்தவர்களுக்கு இந்த எண் தெரியும். இதைக் கண்டு சொன்னவர் நம் மகாராஷ்டிரத்தின் ஒரு பள்ளி ஆசிரியர்.

அந்த எண்ணின் குணம் என்ன? அது ஏன் வருகிறது? நம் கூலி நோட்டுக்கு அதனால் என்ன பயன்? வரிசையாகப் பார்ப்போம்.

1. கணக்கைப் போடுவோம்

நான்கு இலக்கம் உள்ள ஓர் எண்ணை எடுங்கள். நாம் 1947 என்று எடுப்போம். நாடு விடுதலை பெற்ற ஆண்டு.

அதில் 1, 9, 4, 7 என்று நான்கு இலக்கங்கள் இருக்கின்றன. இவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். 9741 வரும். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். 1479 வரும். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழியுங்கள்.

9741 − 1479 = 8262

வந்த விடையை எடுத்து மறுபடியும் அதே வேலையைச் செய்யுங்கள்.

8622 − 2268 = 6354
6543 − 3456 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

ஐந்தாவது முறை 6174 வந்துவிட்டது. இன்னும் ஒரு முறை செய்தால் என்ன ஆகும்?

7641 − 1467 = 6174

மறுபடியும் அதே எண். இனி எத்தனை முறை செய்தாலும் 6174தான். வண்டி கடைசி ஸ்டேஷனில் வந்து நின்றுவிட்டது.

2. கடன் வாங்கிக் கழித்தல்

மேலே நான்காவது வரியைப் பாருங்கள். 8730இல் 378ஐக் கழிக்க வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது. நிதானமாகச் செய்வோம்.

ஒன்று இடம்: 0இல் 8 போகாது. பக்கத்தில் 3 பத்து இருக்கிறது. அதில் ஒரு பத்தைக் கடன் வாங்குங்கள். இப்போது 10. பத்தில் எட்டு போனால் 2.

பத்து இடம்: 3 இருந்தது. ஒன்றைக் கொடுத்துவிட்டோம். இப்போது 2. இரண்டில் 7 போகாது. நூறிடம் ஒன்றைக் கடன் வாங்குங்கள். இப்போது 12. பன்னிரண்டில் ஏழு போனால் 5.

நூறு இடம்: 7 இருந்தது. இப்போது 6. ஆறில் மூன்று போனால் 3.

ஆயிரம் இடம்: 8. கழிக்க ஒன்றும் இல்லை. அப்படியே 8.

விடை 8352.

விடை சரியா என்று யாரிடமும் கேட்க வேண்டாம். நீங்களே சோதிக்கலாம். விடையையும் கழித்த எண்ணையும் கூட்டுங்கள். 8352உம் 378உம் சேர்ந்தால் 8730. மேலே இருந்த எண் திரும்பி வந்துவிட்டது. விடை சரி.

6174 நமக்கு இன்னொரு காவலும் தருகிறது. எட்டு முறை கழித்தும் 6174 வரவில்லையா? எங்கோ ஒரு கழித்தல் தவறு. திரும்பிப் போய்ப் பாருங்கள். கட்டாயம் கண்டுபிடிப்பீர்கள்.

3. எல்லா எண்ணும் வருமா?

நம் ஊர் பின்கோடுகளை எடுப்போம். தாராவி 400017. மாட்டுங்கா 400019. செம்பூர் 400071. கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் எடுங்கள்.

தாராவி, 0017:
7100 − 0017 = 7083
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

மூன்றே முறை.

மாட்டுங்கா, 0019:
9100 − 0019 = 9081
9810 − 0189 = 9621
9621 − 1269 = 8352
8532 − 2358 = 6174

நான்கு முறை.

செம்பூர் 0071க்கு எத்தனை முறை? கணக்குப் போடாமலே சொல்லலாம். தாராவியில் இருப்பதும் 0, 0, 1, 7. செம்பூரில் இருப்பதும் அதே இலக்கங்கள்தான். இடம்தான் மாறியிருக்கிறது. அடுக்கி வைத்தால் இரண்டும் ஒன்றே. ஆகவே செம்பூருக்கும் மூன்று முறை.

இரண்டு விதிகளை மறக்கக் கூடாது.

முதல் விதி: நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. 5555 எடுத்தால் 5555 − 5555 = 0. கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாம் விதி: பூஜ்யத்தை விடக் கூடாது. 2111 எடுங்கள். 2111 − 1112 = 999. இதை 0999 என்று எழுத வேண்டும். அப்போதுதான் நான்கு இலக்கம். அடுத்தது 9990 − 0999 = 8991. இப்படியே போனால் 6174 வரும். பூஜ்யத்துக்கு மதிப்பு இல்லை என்று சிலர் சொல்வார்கள். அதை விட்டுவிட்டால் இங்கே கணக்கே மாறிவிடும்.

இந்த இரண்டு விதிப்படி நடந்தால் எந்த எண்ணும் 6174க்கு வந்துவிடும். அதிகமாகப் போனால் ஏழு முறை. அதற்கு மேல் ஆகாது.

4. கண்டு சொன்னவர் யார்?

அவர் பெயர் தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர். 1905இல் டஹாணுவில் பிறந்தார். மேற்கு ரயில் பாதையில் விராரைத் தாண்டி வடக்கே இருக்கும் ஊர் அது. தாணேயில் பள்ளிப் படிப்பு. புணேயில் கல்லூரிப் படிப்பு. 1929இல் மும்பைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். அதற்கு மேல் படிக்கவில்லை.

1930இல் நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியர் ஆனார். 1962இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே பாடம் நடத்தினார். பள்ளி நேரம் போக மற்ற நேரமெல்லாம் எண்களோடுதான் இருந்தார். பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. கணினி இல்லை. தாளும் பென்சிலும்தான்.

6174இன் குணத்தை அவர் 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் சொன்னார். ‘இது வெறும் விளையாட்டு’ என்று நினைத்த படிப்பாளிகளும் உண்டு. அவர் விடவில்லை. தாம் கண்டதைச் சிறு சிறு புத்தகங்களாகத் தாமே வெளியிட்டார். 1975இல் அமெரிக்காவில் மார்ட்டின் கார்ட்னர் என்ற எழுத்தாளர் ஒரு பெரிய அறிவியல் இதழில் அவரைப் பற்றி எழுதினார். அதன் பின் உலகம் அவரை அறிந்தது. காப்ரேகர் 1986இல் காலமானார். இன்று 6174க்கு ‘காப்ரேகர் மாறிலி’ என்று பெயர். மாறிலி என்றால் மாறாமல் நிற்பது.

நம் லோக்கல் ரயில் பாதைக்கும் அவர் ஒரு பெருமை சேர்த்தார். மாட்டுங்காவிலோ சயானிலோ கல்யாண் போகும் ஸ்லோ வண்டியில் ஏறினால் டோம்பிவிலி வரும். அந்த ஸ்டேஷனில்தான் ஒரு வகை எண்களை ஆராயும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதனால் அவற்றுக்கு ‘டெம்லோ எண்கள்’ என்று பெயர் வைத்தார். பாருங்கள்:

11 × 11 = 121
111 × 111 = 12321
1111 × 1111 = 1234321

ஏறிப் போய் இறங்கி வருகிறது. ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டு போல.

தமிழ்நாட்டில் பிறந்த ராமானுஜன் பெயரோடு 1729 என்ற எண் சேர்ந்து நிற்கிறது. காப்ரேகர் பெயரோடு 6174 நிற்கிறது. ராமானுஜன் கல்லூரித் தேர்வில் தேறாதவர். காப்ரேகர் பள்ளி ஆசிரியராகவே இருந்தவர். எண் யாரிடமும் சான்றிதழ் கேட்பதில்லை.

5. ஏன் இப்படி வருகிறது?

இது மந்திரம் இல்லை. காரணம் இருக்கிறது. 1947ஐ மறுபடி எடுப்போம். பெரிய எண் 9741. சிறிய எண் 1479.

முதலில் ஓரத்தில் உள்ள 9ஐப் பாருங்கள். பெரிய எண்ணில் அது 9000. சிறிய எண்ணில் அதே 9 வெறும் 9. மறு ஓரத்தில் 1. பெரிய எண்ணில் அது வெறும் 1. சிறிய எண்ணில் அது 1000. ஆக, ஓரங்களில் மட்டும் பார்த்தால் 9001இல் 1009 போகிறது. மீதி 7992. இது 8 தடவை 999. அந்த 8 எங்கிருந்து வந்தது? 9இல் 1 போனால் 8.

இனி நடுவில் பாருங்கள். பெரிய எண்ணில் 740. சிறிய எண்ணில் 470. கழித்தால் 270. இது 3 தடவை 90. அந்த 3 எங்கிருந்து வந்தது? 7இல் 4 போனால் 3.

7992உம் 270உம் சேர்ந்தால் 8262. நம் முதல் விடை.

இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. விடையைத் தீர்மானிப்பவை இரண்டு இடைவெளிகள்தான். ஒன்று, ஓரத்தில் உள்ள இரண்டு இலக்கங்களின் இடைவெளி. மற்றது, நடுவில் உள்ள இரண்டு இலக்கங்களின் இடைவெளி.

சோதித்துப் பார்க்கலாம். சென்னை மாநாடு நடந்த 1949ஐ எடுங்கள். அடுக்கினால் 9941. ஓர இடைவெளி 8. நடு இடைவெளி 5. ராமானுஜனின் 1729ஐ எடுங்கள். அடுக்கினால் 9721. ஓர இடைவெளி 8. நடு இடைவெளி 5.

9941 − 1499 = 8442
9721 − 1279 = 8442

வேறு வேறு எண்கள். முதல் அடியிலேயே ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அதன் பின் இரண்டுக்கும் ஒரே வழிதான்: 8442, 5994, 5355, 1998, 8082, 8532, 6174. ஏழு முறை. இதுதான் மிக நீளமான பயணம்.

ஓர இடைவெளி 1 முதல் 9 வரை இருக்கலாம். நடு இடைவெளி 0 முதல் இருக்கலாம். ஆனால் ஓர இடைவெளியை விடப் பெரியதாக இருக்க முடியாது. இப்படி எண்ணினால் மொத்தம் 54 ஜோடிகள் வரும். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள் உள்ளன. எல்லாம் ஒரே இலக்கமாக உள்ள 10 எண்களைத் தள்ளினால் 9990. அத்தனையும் முதல் கழித்தலிலேயே 54 விடைகளுக்குள் வந்துவிடுகின்றன. அந்த 54ஐயும் போட்டுப் பார்த்தால் போதும். எல்லாம் 6174க்கு வருகின்றன. பொறுமை இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நீங்களே முழுவதும் சோதித்துவிடலாம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைப் பார்த்து, ‘இந்த எண்ணை வைத்து மட்கா ஆடலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. 6174 வருவது அதிர்ஷ்டத்தால் அல்ல. நாம் போடும் கழித்தலால் வருகிறது. மட்காவில் வரப்போகும் எண்ணை எந்தக் கணக்கும் முன்னால் சொல்லாது. சொல்கிறேன் என்பவர் நம் பணத்தைக் குறி வைக்கிறார்.

6. ஒன்பது செய்யும் காவல்

999ஐ ஒன்பதால் வகுக்கலாம். மீதி வராது. 90ஐயும் வகுக்கலாம். ஆகவே மேலே வந்த எல்லா விடைகளையும் ஒன்பதால் வகுக்கலாம்.

ஓர் எண் ஒன்பதால் வகுபடுமா என்று பார்க்க எளிய வழி உண்டு. இலக்கங்களைக் கூட்டுங்கள். 8262இல் 8+2+6+2 = 18. மறுபடி கூட்டினால் 1+8 = 9. ஒன்பது வந்தால் வகுபடும். வேறு எண் வந்தால் வகுபடாது.

இது நம் பிழைப்புக்கு உதவும் இடம் இதுதான். பீஸ் கணக்கில் வேலை செய்பவர்கள் நம்மில் பலர். துணி தைப்பவர்கள், தோல் பை தைப்பவர்கள், நூல் வெட்டுபவர்கள். கணக்கு எழுதும்போது கை மாறி 74ஐ 47 என்று எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கும். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். ஆனால் நட்டம் நமக்குத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஓர் அக்கா தினமும் தைத்த பீஸ்களைத் தம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

திங்கள் 74
செவ்வாய் 68
புதன் 80
வியாழன் 59
வெள்ளி 71
சனி 66
மொத்தம் 418

கடையில் 391 என்று சொல்கிறார்கள். 418 − 391 = 27. வித்தியாசம் 27 பீஸ். 2+7 = 9. ஒன்பதால் வகுபடுகிறது. இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

எந்த நாளில்? 27ஐ ஒன்பதால் வகுத்தால் 3. எந்த நாளின் எண்ணில் இரண்டு இலக்கங்களுக்கும் 3 வித்தியாசம்? 74இல் 3. 68இல் 2. 80இல் 8. 59இல் 4. 71இல் 6. 66இல் ஒன்றும் இல்லை. ஆக, திங்கட்கிழமை. 74 என்பது 47 ஆகியிருக்க வேண்டும்.

ஒரு பீஸுக்கு 4 ரூபாய் என்றால் 27 பீஸுக்கு 108 ரூபாய். சண்டை வேண்டாம். அழுகையும் வேண்டாம். ‘திங்கட்கிழமைக் கணக்கை மட்டும் காட்டுங்கள்’ என்று கேட்டால் போதும். நோட்டைத் திறந்ததும் தவறு கண்ணில் படும்.

ஆனால் கவனம். ஒன்பதால் வகுபட்டால் இடம் மாறியதுதான் என்று உறுதி சொல்ல முடியாது. ஒரு கட்டில் 27 பீஸ் எண்ணாமலே விட்டிருக்கலாம். எங்கே தேட வேண்டும் என்பதைத்தான் ஒன்பது காட்டுகிறது. வித்தியாசம் ஒன்பதால் வகுபடாவிட்டால், ஓர் எண்ணில் இலக்கம் இடம் மாறியது மட்டும் காரணம் இல்லை. வேறு தவறைத் தேட வேண்டும்.

இதற்கெல்லாம் முதலில் நம்மிடம் சொந்த நோட்டு இருக்க வேண்டும். தேதி, பீஸ், இரண்டும் அன்றன்றே எழுத வேண்டும். சனிக்கிழமை உட்கார்ந்து நினைத்து நினைத்து எழுதினால் பயன் இல்லை.

7. இன்னும் சில குணங்கள்

6174இன் இலக்கங்களைக் கூட்டுங்கள். 6+1+7+4 = 18. 6174ஐ 18ஆல் வகுத்தால் 343. மீதி இல்லை. அந்த 343 என்ன? 7 × 7 × 7.

தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்குக் காப்ரேகர் ‘ஹர்ஷத்’ எண்கள் என்று பெயர் வைத்தார். மகிழ்ச்சி தருவது என்று பொருள். அவருடைய 6174உம் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று. 18 × 18 × 18 = 5832. 18 × 18 = 324. இந்த இரண்டோடு ஒரு 18ஐயும் கூட்டுங்கள். 6174.

மூன்று இலக்க எண்களுக்கும் ஒரு கடைசி ஸ்டேஷன் உண்டு. அது 495. இரண்டு இலக்கத்துக்கு அப்படி ஒன்று இல்லை. 9, 81, 63, 27, 45, மறுபடி 9 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து இலக்கத்துக்கும் ஒரே முடிவு இல்லை. அங்கும் சுற்றுதான். நான்கு இலக்கத்தில் மட்டும் 6174 நிற்கிறது.

8. பயிற்சி

அ) 3524ஐ எடுத்துக் கழியுங்கள். எத்தனை முறையில் 6174 வருகிறது?
ஆ) 2024க்கு எத்தனை முறை?
இ) 721 என்ற மூன்று இலக்க எண்ணிலிருந்து 495க்கு எத்தனை முறை?
ஈ) ஓர் அண்ணன் ஐந்து நாளில் தைத்த பைகள்: 83, 75, 91, 62, 45. மொத்தம் 356. கடையில் 311 என்கிறார்கள். எந்த நாள் எண்ணைப் பார்க்க வேண்டும்?
உ) 24, 25, 27. இவற்றில் ஹர்ஷத் எண்கள் எவை?
ஊ) உங்கள் போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கங்களுக்கு எத்தனை முறை? வீட்டில் பிள்ளைகளையும் அவர்களுக்குப் பிடித்த எண்ணோடு போடச் சொல்லுங்கள். ஏழு முறை வருபவர் யார் என்று பாருங்கள்.

விடைகள்

அ) மூன்று முறை: 3087, 8352, 6174.
ஆ) நான்கு முறை: 3996, 6264, 4176, 6174.
இ) இரண்டு முறை: 594, 495.
ஈ) வித்தியாசம் 45. ஒன்பதால் வகுத்தால் 5. இலக்கங்களுக்கு 5 வித்தியாசம் உள்ளது 83 மட்டும். 38 என்று எழுதியிருக்கலாம்.
உ) 24, 27.
ஊ) விடை உங்கள் தாளில் இருக்கிறது. கூட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள்.